இளம் கண்வில்லை என் கணிப்பில் ஏன் பால்போல மங்குகிறது? வில்லைக்குள் ஒளிச்சிதறலை மாதிரியாக்குவது பற்றி

கணிவிழி:

வணக்கம். கண்வில்லைக்குள் ஒளி எவ்வாறு சிதறுகிறது என்பதைக் கணினியில் மாதிரியாக்க முயன்றுகொண்டிருக்கிறேன். வில்லையின் தடிமன் 4 மில்லிமீட்டர், அதில் மில்லிலிட்டருக்கு 300 மில்லிகிராம் புரதம், அந்தப் புரதம் முழுவதும் 8 லட்சம் டால்டன் மூலக்கூறு எடை கொண்ட ஆல்பா கிரிஸ்டலின் என்று எளிமைப்படுத்திக்கொண்டேன். ஒவ்வொரு மூலக்கூறும் தனித்தனியே ராலே விதிப்படி (அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்களின் சிதறலுக்கான விதி) ஒளியைச் சிதறடிப்பதாக வைத்து, ஒவ்வொரு ஒளித்துகளின் பாதையையும் சமவாய்ப்பு எண்களால் தீர்மானிக்கும் மாண்டி கார்லோ முறையில் ஒரு கோடி ஒளித்துகள்களைச் செலுத்தினேன். 500 நானோமீட்டர் அலைநீளத்தில் 42 சதவீத ஒளி நேர்வழியிலிருந்து விலகிவிடுகிறது; 400 நானோமீட்டரில் 73 சதவீதம் விலகுகிறது. இருபது வயதுக்காரர் ஒருவரின் வில்லை இப்படி இருந்தால், எதிரில் நிற்பவரின் முகத்தையே அவர் மூடுபனிக்குள் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார்.

சமவாய்ப்பு எண்களைச் சரிபார்த்துவிட்டேன். கையால் போட்ட கணக்கும் அதே விடையைத் தருகிறது: சிதறல் கெழு சென்டிமீட்டருக்கு 1.35, ஆகவே 0.4 சென்டிமீட்டருக்கு ஒளியியல் தடிமன் (கெழுவைப் பாதை நீளத்தால் பெருக்கிய எண்) 0.54. நிரலில் பிழை இல்லை என்றால் இயற்பியலில்தான் எதையோ விட்டிருக்கிறேன். எதை என்று யாராவது சொல்ல முடியுமா?

சிதறல்மானி:

உங்கள் கணக்கு சரி. "தனித்தனியே" என்ற ஒரு சொல்தான் தவறு. ஆல்பா கிரிஸ்டலின் ஏறத்தாழ 17 நானோமீட்டர் விட்டமுள்ளது. வில்லைக்குள் 500 நானோமீட்டர் ஒளியின் அலைநீளம் சுமார் 360 நானோமீட்டராகச் சுருங்குகிறது. அரை அலைநீளத்தைப் பக்கமாகக் கொண்ட ஒரு கனசதுரத்தை எண்ணிப் பாருங்கள். நீங்கள் எடுத்த செறிவில் அதற்குள் சுமார் 1300 மூலக்கூறுகள் இருக்கும். அவை அனைத்தும் கிட்டத்தட்ட ஒரே கட்டத்தில் அதிர்வதால், அந்தக் கனசதுரமே ஒரு சிதறல் மூலமாக நடந்துகொள்கிறது. எல்லாக் கனசதுரங்களிலும் மிகச் சரியாக 1300 மூலக்கூறுகள் இருந்தால், பக்கவாட்டில் செல்லும் அலைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். முன்னோக்கிச் செல்லும் அலை மட்டும் எஞ்சும். கண்ணாடி ஒளி ஊடுருவுவதும் இதனால்தான். அதன் அணுக்கள் சிதறடிக்காமல் இருப்பதால் அல்ல.

ஆகவே சிதறுவது மூலக்கூறுகளின் எண்ணிக்கையால் அல்ல, அந்த எண்ணிக்கை இடத்துக்கு இடம் ஏறி இறங்குவதால். மூலக்கூறுகள் ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் பரவியிருந்தால் அந்த ஏற்ற இறக்கம் 1300-இன் வர்க்கமூலம், அதாவது 36. நெருக்கமாக அடைந்திருக்கும்போது அவற்றுக்கு அலைய இடமில்லை. ஏற்ற இறக்கம் குறைகிறது. எவ்வளவு குறைகிறது என்பதைச் சொல்வதுதான் கட்டமைப்புக் காரணி. தனித்த மூலக்கூறுகளுக்கான சிதறலை இந்தக் காரணியால் பெருக்க வேண்டும்.

இந்தக் கருத்து பழையது. 1962-இல் டிரோக்கல் வில்லைப் புரதங்கள் படிகம்போன்ற ஒழுங்கில் இருக்க வேண்டும் என்றார். 1971-இல் பெனடெக் அவ்வளவு ஒழுங்கு தேவையில்லை, அலைநீள அளவில் ஏற்ற இறக்கம் சிறிதாக இருந்தால் போதும் என்று காட்டினார். 1983-இல் டெலேயும் டார்டியூவும் திரவங்களில் காணப்படும் குறுந்தூர ஒழுங்கே போதுமானது என்பதை அளவீடுகளால் நிறுவினர்.

கடினக் கோளங்களுக்கு, அதாவது ஒன்றையொன்று ஊடுருவாத, ஈர்க்காத உருண்டைகளுக்கு, ஒரு கைவாகான சூத்திரம் உண்டு. கனஅளவுப் பங்கை (மொத்த இடத்தில் கோளங்கள் அடைக்கும் பங்கு) 1-இலிருந்து கழித்து நான்மடியாக்குங்கள். அதை, 1-உடன் கனஅளவுப் பங்கின் இரட்டிப்பைக் கூட்டி இருமடியாக்கி வரும் எண்ணால் வகுங்கள். பங்கு 0.3 என்றால் விடை 0.094. பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

கணிவிழி:

மிக்க நன்றி. புரதத்தின் தன்கனஅளவு கிராமுக்கு 0.73 மில்லிலிட்டர் என்று எடுத்தேன்; கனஅளவுப் பங்கு 0.22 ஆகிறது, காரணி 0.18. இழப்பு 42 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாக இறங்கிவிட்டது. இருந்தாலும் 400 நானோமீட்டரில் 21 சதவீதம் இன்னும் சிதறுகிறது. இது அதிகமாகத் தோன்றுகிறது.

புரதவேதி:

0.73 என்பது அமினோ அமிலச் சங்கிலி மட்டும் அடைக்கும் இடம். ஆல்பா கிரிஸ்டலின் இறுக்கமான கோளம் அல்ல. பல துணையலகுகள் தளர்வாகச் சேர்ந்த கூட்டு. அதன் உள்ளும் புறமும் பெருமளவு நீர் இருக்கிறது. இன்னொரு மூலக்கூறு நுழைய முடியாத இடம் எவ்வளவு என்று கேட்டால், கிராமுக்கு சுமார் 1.7 மில்லிலிட்டர். அதைப் போட்டால் உங்கள் கனஅளவுப் பங்கு 0.22 அல்ல, 0.5; கட்டமைப்புக் காரணி 0.016, 500 நானோமீட்டரில் இழப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஒரே ஒரு உள்ளீட்டை மாற்றியதில் விடை பத்து மடங்கு இறங்குகிறது. இந்தத் துறையில் நான் முதலில் கற்றுக்கொண்ட எச்சரிக்கை இதுதான்: நெருக்கமான கரைசலில் கட்டமைப்புக் காரணி கனஅளவுப் பங்கின்மேல் மிகக் கூர்மையாகச் சார்ந்திருக்கிறது.

ஆனால் ஒரு சதவீதம் வந்துவிட்டது என்று மகிழ்ந்து நிறுத்திவிட வேண்டாம். கடினக் கோளங்கள் 0.49 என்ற பங்கைத் தாண்டினால் படிகமாகத் தொடங்கும். நீங்கள் அந்த எல்லையில் நிற்கிறீர்கள். வில்லையின் உட்கருவில், அதாவது நடுப்பகுதியில், நிலைமை இன்னும் மோசம். உட்கருவின் ஒளிவிலகல் எண் சுமார் 1.41, அதைச் சூழ்ந்த புறணியுடையது 1.38. ஒரு மில்லிலிட்டரில் ஒரு கிராம் புரதம் ஒளிவிலகல் எண்ணை 0.19 உயர்த்தும் என்ற விகிதத்தில் பார்த்தால், புறணியில் மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 250 மில்லிகிராமும் உட்கருவில் 400 மில்லிகிராமும் இருக்க வேண்டும். 400-ஐ 1.7-ஆல் பெருக்கினால் பங்கு 0.68, கோளங்களைக் கொட்டிக் குலுக்கினாலும் 0.64-க்கு மேல் அடையாது. எல்லாம் ஆல்பா என்ற எளிமைப்படுத்தல் அங்கே உடைகிறது.

உண்மையில் வில்லையில் பீட்டா, காமா கிரிஸ்டலின்களும் இருக்கின்றன. காமா கிரிஸ்டலின் சுமார் 20 ஆயிரம் டால்டன்தான். சிறியது, இறுக்கமானது, உட்கருவில் மிகுந்திருப்பது. அது இடைவெளிகளை நிரப்புகிறது. தனித்து எடுத்தால் அது சிதறடிப்பதும் குறைவு. ஆனால் காமா மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்கும். கன்றின் வில்லையைக் குளிர்வித்தால் அது வெண்மையாகிவிடும். சூடாக்கினால் மீண்டும் தெளியும். குளிர்ப்புரை என்று அழைக்கப்படும் இந்த நிகழ்வில், காமா செறிந்த பகுதியும் குறைந்த பகுதியுமாகக் கரைசல் பிரிகிறது. ஈர்ப்பு என்பது ஏற்ற இறக்கத்தைக் கூட்டும் விசை. கடினக் கோளச் சூத்திரம் அதை அறியாது. வியப்பு என்னவென்றால், ஆல்பாவுக்கும் காமாவுக்கும் இடையே சிறிதளவு ஈர்ப்பு இருப்பது கலவையை நிலைப்படுத்துகிறது. அது இல்லாவிட்டாலும் பிரியும், மிகுந்தாலும் பிரியும். 2007-இல் ஸ்ட்ராட்னர், தர்ஸ்டன், ஷுர்டன்பெர்கர் உள்ளிட்ட குழுவினர் இதைக் காட்டினர்.

சிதறல்மானி:

புரதவேதி சொன்னதுடன் ஒரு சோதனையையும் சேர்க்கிறேன். உங்கள் மாதிரியில் புரதத்தை நீரூற்றிக் கலக்கிக்கொண்டே போங்கள். கடினக் கோளங்களுக்குச் சிதறல், கனஅளவுப் பங்கையும் கட்டமைப்புக் காரணியையும் பெருக்கிய எண்ணைப் பின்பற்றும். அது பங்கு 0.13-ஐ ஒட்டி உச்சத்தை அடைந்து, அதற்குப் பின் இறங்கும். ஆகவே செறிவான வில்லைச் சாற்றை நீர்த்தால் அது தெளிவதற்குப் பதில் முதலில் மங்க வேண்டும். மாதிரி இதைக் காட்டாவிட்டால் காரணியை எங்கோ தவறாக நுழைத்திருக்கிறீர்கள்.

கணிவிழி:

செய்து பார்த்தேன். நீர்க்க நீர்க்க மங்கி, பின்பு தெளிகிறது. முதன்முறை அந்த வளைகோட்டைப் பார்த்தபோது நிரலில் கூட்டல்-கழித்தல் குறி மாறிவிட்டதோ என்றுதான் நினைத்தேன்.

பிளவுவிளக்கு:

நான் கண் மருத்துவத்தில் இருப்பவன். சூத்திரங்களில் தலையிட மாட்டேன். ஆனால் ஒரு கேள்வியை யாருமே கேட்கவில்லை: இந்த மாதிரியை எந்த அளவீட்டுடன் ஒப்பிடப் போகிறீர்கள்?

பிளவு விளக்கில் (மெல்லிய ஒளிக்கீற்றைக் கண்ணில் பாய்ச்சி உருப்பெருக்கிப் பார்க்கும் கருவி) வில்லையைப் பார்க்கும்போது என் கண்ணுக்கு வருவது பின்னோக்கிச் சிதறிய ஒளி. வில்லையின் குறுக்குவெட்டைப் படமெடுக்கும் ஷைம்ப்ஃப்ளுக் படக்கருவி அளப்பதும் அதைத்தான். நோயாளியைத் துன்புறுத்துவதோ முன்னோக்கிச் சிதறி விழித்திரையில் திரையாகப் படியும் ஒளி. இரண்டுக்கும் உள்ள தொடர்பு பலவீனமானது. விளக்கொளியில் வெண்மையாகத் தெரியும் வில்லையோடு நன்றாகப் படிப்பவர்களையும், தெளிவாகத் தோன்றும் வில்லையோடு இரவில் எதிர்வரும் முகப்பு விளக்கைத் தாங்க முடியாதவர்களையும் நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன். நீங்கள் "இழப்பு இத்தனை சதவீதம்" என்று சொல்வது இந்த இரண்டில் எதையும் சொல்வதில்லை.

முன்சிதறலுக்கு ஸ்டைல்ஸ்–ஹாலடே விதி இருக்கிறது. கண்ணில் ஒரு லக்ஸ் ஒளியூட்டம் தரும் விளக்கு, பார்வைக் கோட்டிலிருந்து பாகையில் அளந்த கோணத்தின் இருமடியால் 10-ஐ வகுத்த அளவு திரை ஒளிர்வை, சதுர மீட்டருக்குக் கேண்டெலாவில், உண்டாக்கும். 10 பாகை தள்ளி இருந்தால் அது 0.1. சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் 1999-இல் இதற்கு வயதுக் காரணி ஒன்றைச் சேர்த்தது: வயதை 70-ஆல் வகுத்து நான்மடியாக்கி 1-உடன் கூட்ட வேண்டும். 35 வயதில் அது 1.06 மட்டுமே, 70-இல் இரட்டிப்பு, 80-இல் 2.7. ஆனால் இது முழுக் கண்ணுக்கான எண். இளம் கண்ணில் வில்லையின் பங்கு சுமார் மூன்றில் ஒன்று. எஞ்சியது கார்னியாவிலிருந்தும் விழித்திரைத் தளத்தின் எதிரொளிப்பிலிருந்தும் வருகிறது. வெளிர்நிறக் கண்களில் ஐரிஸையும் கண்ணின் சுவரையும் கடந்து வரும் ஒளியும் சேரும்.

சிதறல்மானி:

மருத்துவர் ஐயா கேட்டதுதான் சரியான கேள்வி. அதற்கு எண்ணாலேயே விடை சொல்ல முடியும். ராலே சிதறலில் ஒளி முன்னும் பின்னும் சமமாகப் போகிறது. நேர் முன்திசையில் ஒரு ஸ்டெரேடியனுக்கு (திண்மக் கோணத்தின் அலகு) மொத்தச் சிதறலின் 0.12 பங்கு. புரதத்தால் ஒரு சதவீத ஒளி சிதறுகிறது என்றால், விழித்திரையை நோக்கி ஸ்டெரேடியனுக்கு 0.0012 பங்கு செல்லும். சதுர மீட்டருக்கான கேண்டெலாவை லக்ஸால் வகுக்கும் மருத்துவரின் அலகும் இதுவே. வில்லையின் நடுப்புள்ளி கண்ணின் கணுப்புள்ளிக்கு (ஒளிக்கதிர் கோணம் மாறாமல் கடக்கும் புள்ளி) மிக அருகில் இருப்பதால், சிதறல் கோணத்தையும் பார்வைக் கோணத்தையும் ஏறத்தாழ ஒன்றாகவே கொள்ளலாம். 10 பாகையில் அளந்தது 0.1; அதில் வில்லையின் பங்கு 0.03. புரதக் கரைசல் தருவது அதில் நாலு சதவீதம். 3 பாகையில் ஒப்பீடு இன்னும் அற்பமாகிவிடும்.

அப்படியானால் நீங்கள் இதுவரை உழைத்துச் சரிசெய்த பகுதி, வில்லை ஏன் தெளிவாக இருக்கிறது என்பதற்கு விடை. கண்கூச்சம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அது விடை அல்ல. அதற்குப் பெரிய துகள்கள் வேண்டும்.

கண்புரையுள்ள உட்கருவில் மின்னணு நுண்ணோக்கி வழியே பல்லடுக்குச் சவ்வுருண்டைகள் காணப்பட்டுள்ளன. 1 முதல் 4 மைக்ரோமீட்டர் விட்டமுள்ளவை. எடுத்துக்காட்டாக 3 மைக்ரோமீட்டர் உருண்டை ஒன்றின் ஒளிவிலகல் எண், சூழலிலிருந்து 0.02 மட்டுமே வேறுபடுவதாகக் கொள்வோம். அதன் ஒளிமறைப்புத் திறன் (தன் குறுக்குப் பரப்போடு ஒப்பிட்டால் அது ஒளியை விலக்கும் அளவு) வெறும் 0.27 வருகிறது. இருப்பினும், உட்கருவின் 2 மில்லிமீட்டரில் ஒளியியல் தடிமன் 0.1 ஆவதற்குக் கன மில்லிமீட்டருக்கு 26 ஆயிரம் உருண்டைகள் போதும். கனஅளவில் அது 0.04 சதவீதம்தான். அவை சிதறடிக்கும் ஒளி ஏழு பாகையை ஒட்டிய ஒரு குறுகிய கூம்புக்குள் முன்னோக்கியே குவிகிறது. பின்னோக்கி ஏறக்குறைய எதுவும் வராது. ஆகவே பிளவு விளக்கு அவற்றைக் காணாது, நோயாளி காண்பார்.

கணிவிழி:

இப்படி ஒரு பதிலை எதிர்பார்க்கவில்லை. மாதிரியை இரண்டாகப் பிரிக்கிறேன்: புரதப் பின்னணி ஒன்று, பெரிய துகள்கள் இன்னொன்று. இரண்டாவதற்கு, எந்தக் கோணத்தில் எவ்வளவு ஒளி சிதறும் என்று சொல்லும் ஹெனியி–கிரீன்ஸ்டீன் சார்பைப் பயன்படுத்தலாமா? நிரலில் ஏற்கெனவே இருக்கிறது.

சிதறல்மானி:

வேண்டாம். அது 1941-இல் விண்மீன்களுக்கு இடையிலுள்ள தூசிக்காக எழுதப்பட்டது. எளிமைக்காகத் திசுக்களுக்கும் எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். முன்னோக்கிய சிதறல் மிகுந்தபோது அதன் வால் கோணத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் இறங்கும். நீங்கள் பொருத்த வேண்டிய விதியோ இருமடி. அளவுருவை எப்படித் திருகினாலும் ஒரு பக்கம் சரியானால் மறுபக்கம் விலகும். கோளத் துகள்களின் சிதறலுக்கு 1908-இல் குஸ்டாவ் மீ தந்த தீர்வையே நேரடியாகக் கணித்து, துகள் விட்டங்களை ஒரு பரவலாக எடுத்துக்கொள்ளுங்கள். சிறியவை அகன்ற கூம்பையும் பெரியவை குறுகிய கூம்பையும் தர, அவற்றின் கூட்டல் இருமடி விதியை நெருங்கும்.

இன்னொன்று: ஒளியியல் தடிமன் 0.1 இருக்கும் வில்லையில் ஒரு ஒளித்துகள் இரண்டு முறை சிதறும் வாய்ப்பு அரை சதவீதம்கூட இல்லை. ஒற்றைச் சிதறலைத் தாளிலேயே தொகையிடலாம். மாண்டி கார்லோ வீண் உழைப்பு. முற்றிய புரைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இழைநோக்கி:

வில்லையை யாரும் செல்களால் ஆனதாகவே பேசவில்லை என்பதால் குறுக்கிடுகிறேன். அது அறுகோணக் குறுக்குவெட்டுடைய தட்டையான இழைச் செல்களின் அடுக்கு. நடுவிலுள்ள இழைகள் தம் செல் உட்கருவையும் மைட்டோகாண்ட்ரியாவையும் இழந்துவிட்டவை. ஒளியைத் தடுக்கும் உறுப்புகளையே வில்லை தன்னிடமிருந்து அகற்றிவிட்டது. எஞ்சியிருப்பது சவ்வுகள். அவையும் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால் சிதறடிப்பதைவிட விளிம்பு விளைவையே தருகின்றன. இருட்டில், கண்பாவை விரிந்த நிலையில், சிறிய பிரகாசமான விளக்கைச் சுற்றி வண்ண வளையம் ஒன்று தெரியும். ஆரம் மூன்று நான்கு பாகை. ஆரையாக ஓடும் இழைகள் கீற்றணியாக (நெருங்கிய இணைக் கோடுகளால் ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் அமைப்பு) செயல்படுவதால் வருவது அது. 550 நானோமீட்டரை 3.5 பாகையின் சைன் மதிப்பால் வகுத்தால் 9 மைக்ரோமீட்டர். இழையின் அகலம் அதுவே.

சிதறல்மானி:

வில்லைக்குள் அலைநீளம் சுருங்குவதை மறந்துவிட்டீர்கள். 550-ஐ 1.4-ஆல் வகுத்து எடுத்தால் 6.4 மைக்ரோமீட்டர் வரும்.

இழைநோக்கி:

ஒப்புக்கொள்கிறேன். இழைகள் வில்லை முழுவதும் ஒரே அகலம் உடையவை அல்ல என்பதால் 6.4-உம் ஏற்கத்தக்கதே. வண்ண வளையம் என்ற முடிவு மாறாது.

பிளவுவிளக்கு:

அந்த வளையம் வில்லையால் வருகிறதா, கண்ணழுத்தம் உயர்ந்து கார்னியா வீங்கியதால் வருகிறதா என்பதை அறிய எங்களுக்கு ஒரு பழைய சோதனை உண்டு. பாவைக்கு முன் ஒரு குறுகிய பிளவை மெல்ல நகர்த்துவோம். வில்லையின் வளையம் துண்டுகளாகி நகரும், ஏனெனில் பிளவின் கீழ் ஒரு நேரத்தில் ஒரு திசையில் ஓடும் இழைகளே சிக்குகின்றன. கார்னியாவின் வளையத்தில் சிதறல் மையங்களுக்குத் திசை இல்லை. அது முழு வட்டமாகவே இருந்து மங்கும்.

புரதவேதி:

வயதானால் வில்லை மஞ்சளாவதையும் இந்த மாதிரிக்குள் சிலர் சிதறலாகச் சேர்த்துவிடுகிறார்கள். அது உட்கவர்தல். நீல ஒளி குறைவதற்கு இரண்டும் காரணமாகலாம். ஆனால் உட்கவரப்பட்ட ஒளி கூச்சத்தைத் தராது. இரண்டுக்கும் தனித்தனிக் கெழுக்கள் வையுங்கள்.

கணிவிழி:

வைத்துவிட்டேன். இப்போது இடைப்பட்ட அளவுகளுக்கு வந்திருக்கிறேன். 1971-இல் பெனடெக், புரைக்குக் காரணமான புரதத் திரள்கள் 5 கோடி டால்டன் அளவில் இருக்க வேண்டும் என்று மதிப்பிட்டிருந்தார். அதை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஆல்பாவைவிட 62.5 மடங்கு எடை. ஆகவே ஒரே நிறைக்கு 62.5 மடங்கு சிதறல். திரள்கள் அரிதாக இருப்பதால் கட்டமைப்புக் காரணியை 1 என்று கொண்டேன். மொத்தப் புரதத்தில் 0.3 சதவீதம் திரண்டாலே ஒளியியல் தடிமன் 0.1 கூடிவிடுகிறது. 99.7 சதவீதப் புரதம் நலமாக இருந்தும் வில்லை மங்குகிறது. இது சரிதானா?

புரதவேதி:

வழிமுறை சரி, பின்னணி தவறு. அந்தத் திரள் நீரில் மிதக்கவில்லை, 300 மில்லிகிராம் புரதக் கரைசலில் மிதக்கிறது. திரளுக்குள் கிராமுக்கு 1.7 மில்லிலிட்டர் என்று அடைந்திருந்தால் அதன் ஒளிவிலகல் எண் 1.445 ஆகும். சுற்றியுள்ளது 1.39. நீங்கள் 1.333-உடன் ஒப்பிட்டுவிட்டீர்கள். வேறுபாடு 0.112 அல்ல, 0.055. சிதறல் அதன் இருமடியைப் பின்பற்றும் என்பதால் கிட்டத்தட்ட நாலில் ஒன்றாகக் குறையும்.

கணிவிழி:

திருத்திவிட்டேன். 0.3 சதவீதம் இப்போது 1.2 சதவீதமாகிறது. முன் இடுகையில் உள்ள எண்ணை யாரும் எடுத்துப் பயன்படுத்திவிட வேண்டாம். செறிவு மிகுந்த உட்கருவில் சூழலின் எண்ணே 1.41 என்பதால் அதே திரள் அங்கே இன்னும் குறைவாகவும், புறணியில் கூடுதலாகவும் சிதறடிக்கும். ஆகவே நிரலில் பின்னணி எண்ணை மாறிலியாக வைக்காமல் ஆரத்தோடு மாறும்படி எழுதிவருகிறேன்.